நாரையின் அலகும் புதுக்கவிதையின் சிறகும்

இறகுக்குப் பொருள் தந்ததே புதுக்கவிதைதான், அதற்கு முன் தமிழில் அது வெறும் அலங்காரம் என்ற பேச்சு இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கணக்கை, இறகைப் பாடும் பிரமிளின் 'காவியம்' என்ற புதுக்கவிதையிலிருந்து தொடங்குகிறார்கள். கவிதை அருமையானது, கணக்குதான் தப்பு.

அதியமானின் நடுகல்லில் ஒளவை கண்ட மயிற்பீலி, நெடுநல்வாடையில் அரசியின் மெத்தைக்குள் இருந்த அன்னத்தூவி, குறளில் வண்டியின் அச்சை முறிக்கும் பீலிப் பாரம், சமணத் துறவியர் கையிலிருந்த பீலி, அதை எள்ளிய தேவாரம்: வாசகர் அறிந்த வரிசைதான். இவற்றில் எங்கும் இறகு விடுதலையின் சின்னமாக வரவில்லை. சூட்டினார்கள், அடைத்தார்கள், ஏற்றினார்கள், ஏந்தினார்கள். எடையும் பயனும் உள்ள பொருள் அது.

குமரித்துறைப் பறவைகளிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். பிசிராந்தையாரின் அன்னம் குமரியில் அயிரை மீன் தின்று வடமலைக்குப் பறக்கிறது. சத்திமுற்றப் புலவரின் நாரையும் குமரியில் நீராடி வடக்கே திரும்புகிறது. தூது என்ற இலக்கிய மரபுக்குள் வலசைப் பாதை பதிவாகியிருக்கிறது. நாரைக்குப் புலவர் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள்: சிவந்த கால், பவள நிற அலகு, அதன் வடிவுக்குப் பிளந்த பனங்கிழங்கு. அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்து கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அந்த நீண்ட, நுனி கூர்ந்த இரு பாதிகள் உடனே விளங்கும். சுசீந்திரம் குளத்தில் நாம் காணும் மஞ்சள் மூக்கு நாரைக்கு இந்த அடையாளம் பொருந்தாது. குளிர்காலத்தில் வலசை வரும் செங்கால் நாரைக்கே பொருந்தும். இதையா அலங்காரம் என்கிறார்கள்?

பறவை மங்கத் தொடங்கியது பிற்பாடுதான். பாரதி தன் உரைநடையில் சிட்டுக்குருவியை மூக்கு, கண், கழுத்து என்று அங்கம் அங்கமாகப் பார்த்தார்; நாம் மனப்பாடம் செய்ததோ விடுதலைப் பாட்டை மட்டும். ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' 1962-இல் தொகுப்பாக வந்தது. வேடந்தாங்கல் வரை நம்மைக் கூட்டிப்போன அந்தக் கவிதையும் கடைசியில் ஊரை உருவகமாக்கிவிட்டது. 1971-இல் தொடங்கிய 'வானம்பாடி' இதழோ பறவையின் பெயரை எடுத்துக்கொண்டு பறவையைக் கைவிட்டது. அதன் பின் வந்த சிறகுகள் எல்லாம் ஒரே சிறகு: நிறமில்லை, இனமில்லை, ஈரமில்லை.

ஈரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சுசீந்திரம் குளத்தின் பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை அகல விரித்தபடி நிற்கும். நம் கவிஞர் அதில் விடுதலையைக் காண்பார். நீர்க்காகத்தின் இறகின் வெளிப்பகுதி நீரை ஏற்கும். மிதப்பு குறைவதால் மூழ்கி மீன் பிடிப்பது எளிதாகிறது. கரையேறியதும் காயவைத்தாக வேண்டும். பிழைப்புக்கான அந்த நிற்பு இன்னும் நல்ல கவிதைக்காகக் காத்திருக்கிறது.

பறவையைப் பறவையாகவே காணும் பார்வையைத் தமிழ் உரைநடையில் வைத்திருந்தவர் மா. கிருஷ்ணன் (1912-1996), அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும் வரை பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தார். ஒரு சொல்லும் மிகாத, கண்ணை நம்பும் நடை. நம் விமர்சகர்கள் அதைச் சூழலியல் அலமாரியில் வைத்துவிட்டு, நவீனத் தமிழ் உரைநடையைப் பற்றி அவர் பெயரின்றியே பேசுகிறார்கள். இது அநீதி.

கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்து 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. பைனாகுலரோடு அங்கே வரும் இளைஞர்கள் பறவைப் பெயர், எண்ணிக்கை, நாள் என்று எழுதிவைக்கிறார்கள். அந்தக் குறிப்பேடுகளையும் கிருஷ்ணனையும் சத்திமுற்றப் புலவரையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் கவிஞர்தான் அடுத்த நல்ல இறகுக் கவிதையை எழுதுவார் என்று நம்புகிறேன்.