ஏறியவரும் சுமந்தவரும்

கிளிமஞ்சாரோ மலையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது, எர்னஸ்ட் ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட சிறுகதையே. வியப்பு என்னவெனில், அக்கதையில் எவரும் மலை ஏறுவதில்லை. முள் கீறிய புண் அழுகி, அடிவாரச் சமவெளியில் கிடக்கிறான் ஓர் எழுத்தாளன். எழுதியிருக்க வேண்டியவற்றை எழுதாமலே விட்டோமே என்று எண்ணி எண்ணி அவன் உயிர் பிரிகிறது. பனிமுடி அவனது இறுதிக் கனவில் மட்டும் தோன்றுகிறது. அவனுக்கு உணவும் நீரும் கொணர்ந்த ஆப்பிரிக்கப் பணியாளருள் ஒருவருக்குப் பெயர் உண்டு. அவருக்கும் மனம் என ஒன்று உண்டு என்பதைக் கதை பொருட்படுத்துவதில்லை. சாகும் ஒருவனின் கண்வழியே சொல்லப்படும் கதை என்பதால் இதை ஒரு குறையாக நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால், பின்னாளில் அம்மலையில் உண்மையாகவே நடந்து, அந்நடையை நூலாக எழுதியவர்கள் பலர் இந்த மௌனத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டனர். அவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்துமா?

நடை எத்தகையது என்பதை முதலில் காண்போம். தான்சானியாவின் தேசியப் பூங்காவாகிய இம்மலையில் எவரும் தனித்து ஏற இயலாது. உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வரவேண்டும். வழிகாட்டியோடு துணை வழிகாட்டி, சமையற்காரர், சுமை தூக்குவோர் எனப் பயணிகளை விஞ்சிய எண்ணிக்கையில் ஒரு கூட்டமே புறப்படும். மராங்கு வழியில் 2,720 மீட்டரில் மண்டாரா, 3,720 மீட்டரில் ஹொரொம்போ, 4,700 மீட்டர் அளவில் கிபோ என மூன்று குடில்கள் உள்ளன. மழைக்காடும் புதர்வெளியும் கடந்து கல்லும் மணலுமான பாலைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகலாம். 'போலே போலே', அதாவது மெல்ல மெல்ல என்று ஸ்வாகிலி மொழியில் வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். உடல் உயரத்துக்குப் பழகாவிடில் உயிருக்கே ஆபத்து. கடைசி இரவில் நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு, விடியலில் 5,685 மீட்டர் உயரத்துக் கில்மன் முனையை எட்டி, விளிம்பைச் சுற்றி நடந்து 5,895 மீட்டர் உயரமுள்ள உகுரு சிகரத்தை அடைவர். கடல் மட்டத்தில் கிடைக்கும் உயிர்வளியில் பாதியே அங்குண்டு. தலைவலி, குமட்டல், ஓரடிக்கு ஒரு மூச்சு என அவ்விரவை எழுதுவதில் பயண நூல்கள் பெரும்பாலும் நேர்மையாகவே இருக்கின்றன. சிகரத்தை அடைந்தபின் வரும் தத்துவப் பக்கங்களைத்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

நாம் இங்கே சுட்ட விரும்புவது ஓர் இலக்கணச் செய்தி. மச்சாமே போன்ற வழிகளில் குடில்கள் இல்லை, கூடாரமே இல்லம். 'முகாமை அடைந்தபோது கூடாரங்கள் அடிக்கப்பட்டிருந்தன. தேநீர் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது' என்ற வகை வாக்கியங்களை இந்நூல்களில் மீண்டும் மீண்டும் காண்கிறோம். ஏறுதல் வரும்போது மட்டும் வினை தன்மைக்கு மாறிவிடுகிறது: 'ஏறினேன்', 'வென்றேன்'. தமிழில் வினைமுற்றே செய்தவர் இன்னார் என்று காட்டிவிடும். செய்தவரை மறைக்க வேண்டுமாயின் செயப்பாட்டு வினையை நாடித்தான் ஆகவேண்டும். பயணி காலையில் கிளம்பிய பின்னரே கூடாரத்தைப் பிரித்து, சுருட்டி, தலையிலும் தோளிலும் ஏற்றி, வழியில் அவரைக் கடந்து விரைந்து, அவர் வருமுன் மீண்டும் அதை நிறுத்தியவர் அந்த 'அடிக்கப்பட்டிருந்தன' என்பதற்குள் காணாமற் போகிறார். கூலியைப் பணமாகப் பெற்றார், உண்மை. வாக்கியத்தில் ஓர் எழுவாயாக நிற்கும் உரிமையையும் அந்தப் பணம் வாங்கிவிட்டதா?

முன்னோர் இதைவிட மேலாக நடந்துகொண்ட இடங்களும் உண்டு. 1848 மே 11 அன்று யோகான்னஸ் ரெப்மான் என்னும் ஜெர்மானிய மறைப்பணியாளர் இம்மலையின் வெண்முடியைக் கண்டார். அவ்வெண்மை என்னவென்று வினவியபோது, உடன் வந்த வழிகாட்டிக்குப் பனி என்பதற்குச் சொல் கிட்டவில்லை; 'குளிர்' என்று மட்டும் சொன்னார். நிலநடுக்கோட்டருகே பனியாவது என்று இலண்டனில் அமர்ந்தபடி வில்லியம் கூலி என்னும் புவியியல் அறிஞர் எழுதித் தள்ளிய மறுப்புகள் அனைத்தையும்விட அந்த ஒரு சொல் துல்லியமானது. அது நம் கைக்கு வந்ததற்குக் காரணம், ரெப்மான் தம் வழிகாட்டிக்குச் செவிகொடுத்து எழுதிவைத்ததே.

1889 அக்டோபர் 6 அன்று சிகரத்தில் முதன்முதல் நின்ற ஹான்ஸ் மாயர் பேரரசுப் பெருமிதம் நிறைந்தவர். சிகரத்துக்குக் கெய்சர் வில்லியமின் பெயரைச் சூட்டினார். அங்கிருந்து கொணர்ந்த கல்லை அப்பேரரசருக்கே காணிக்கையாக்க, அது போட்ஸ்டாம் அரண்மனைச் சுவரில் பதிக்கப்பட்டது. ஆயினும் அவரது நூலில், மேல்முகாமின் கடுங்குளிரில் அவருடன் தங்கிய முவினி அமானி என்னும் பங்கானி ஊர்க்காரர் பெயரோடு இடம்பெறுகிறார். உச்சியில் நின்றோர் மாயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் மட்டுமே. மாயருக்கு வழிகாட்டியவர் எனப் போற்றப்பெற்ற யோகானி லாவோ என்னும் மராங்கு முதியவரை 1989இல் நூற்றாண்டு விழாவின்போதுதான் உலகம் தேடிச் சென்றது. அவரது பங்கைப் பற்றி ஐயம் எழுப்புவோரும் உளர். நூறாண்டுகள் கழித்துத் தேடினால் ஐயத்துக்குத்தானே இடம் இருக்கும்!

சிகரத்தின் பெயர் பின்னர் மாறியது. கத்தோலிக்கரான ஜூலியஸ் நியரேரே, 1959இல் சட்டமன்ற உரையொன்றில், இம்மலை உச்சியில் தீபமேற்றி எல்லைகளுக்கு அப்பாலும் நம்பிக்கை பரவச் செய்ய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். 1961 டிசம்பர் 9 அன்று, விடுதலை பிறந்த வேளையில், அலெக்சாண்டர் நியிரெண்டா என்னும் இளம் இராணுவ அதிகாரி கொடியையும் தீபத்தையும் அங்கே நாட்டினார். உகுரு என்றால் விடுதலை. அதே சிகரத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளும் பயணியின் நூலில், சுமந்து வந்தவருக்கு ஒரு வாக்கியத்தின் எழுவாய் ஆவதற்கும் விடுதலை கிட்டவில்லை என்பது கசப்பான முரண். சுமையாளர் பெரும்பாலும் அப்படத்தில் இருப்பதில்லை. அவர் கீழ்முகாமில் இருக்கிறார்.

மலைச்சரிவில் வாழும் சாகா மக்களுள் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் மிகப் பலர். சுமை தூக்குவோரில் பலர் அவ்வூர்களிலிருந்தே வருகின்றனர். ஒருவர் சுமக்கத்தக்க எடைக்கு 20 கிலோ என வரம்பு உண்டு. அதை நிறுத்துப் பார்க்கத் தராசும் உண்டு. தக்க உடையும் காலணியும் இன்றி மேலேறிக் குளிரில் மடிந்த சுமையாளர்களும் உண்டு. 2003இல் தொடங்கப்பெற்ற கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டம் குளிருடைகளை இலவசமாக இரவல் தருவதோடு, ஊதியமும் உணவும் முறையாகக் கிடைக்கின்றனவா எனவும் கண்காணிக்கிறது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் 85 விழுக்காடு 2007க்குள் மறைந்துவிட்டதென அறிவியலார் அளந்துள்ளனர். அதற்காக இன்றைய பயண நூல்கள் கண்ணீர் வடிக்கின்றன, வடிக்கட்டும். அந்தப் பனியில் மெல்லிய மேலாடையோடு நின்றவருக்கும் அக்கண்ணீரில் பங்குண்டு.

சுமந்தவர் பெயரை எழுதினால் கதை தொய்ந்துவிடும் என்பாருக்கு மாற்கு நற்செய்தியாளரைக் காட்டலாம். நால்வருள் மிகச் சுருங்க எழுதியவர் அவர். எனினும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சீரேன் ஊராராகிய சீமோன் சிலுவையைச் சுமந்ததைச் சொல்லும்போது, அவருடைய மக்கள் அலக்சாந்தர், ரூபு என்ற இருவர் பெயரையும் எழுதுகிறார். வேகமான அந்த நடையில் அவர் அதற்கென நின்றிருக்கிறார்.

பயணத்தின் கடைசிக் காலையில் குழுவினர் அனைவரும் வட்டமாய் நின்று ஸ்வாகிலியில் பாடுவர். பின் பயணிகள் அன்பளிப்பு வழங்குவர். பாட்டுக்கு இந்நூல்கள் இரண்டு பக்கம் ஒதுக்குகின்றன. அன்பளிப்பு யார் கையில் கொடுக்கப்பட்டது, தலைமை வழிகாட்டியிடமிருந்து கடைசிச் சுமையாளர் வரை எவ்வளவு சென்று சேர்ந்தது என்பதைப் பெயர்களோடும் தொகைகளோடும் ஒரு பக்கத்தில் எழுதும் நூலை நாம் விரும்பி வாங்கிப் படிப்போம்.