காது மட்டும் சாட்சியா?

இசையைக் குறிக்கும் எண்களை மின்னலைகளாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்பும் கருவி ஒலிமாற்றி. மலிவான ஒலிமாற்றியை வாங்கி, அதிலுள்ள பெருக்கிச் சில்லைக் கழற்றிவிட்டு, விலையுயர்ந்த வேறொன்றைப் பொருத்துவது இசை ஆர்வலர் பலரின் பொழுதுபோக்கு. "திரை விலகியதுபோல் இசை தெளிந்துவிட்டது" என்கின்றனர். இது ஆய்வா, வெறும் நம்பிக்கையா?

இவர்கள் கழற்றி எறியும் சில்லுகளுள் ஒன்று என்.ஈ.5532. 1970களின் இறுதியில் வந்த இது, ஒலிப்பதிவுக் கூடங்களில் பல்லாண்டு பணியாற்றியது. நாம் கேட்கும் பாடல்கள் பல, பதிவாகும்போதே இத்தகைய சில்லுகள் பலவற்றைக் கடந்து வந்தவைதாம்! மேலும், வேகமிக்க புதுச்சில்லு பொருந்தாத சுற்றில் அலைவுற்று ஒலியைக் கெடுப்பதும் உண்டு.

ஒலி சிறிதளவு உரத்தாலே அது சிறந்ததாகத் தோன்றும். சில்லை மாற்றி முடிப்பதற்குள் பழைய ஒலியின் நினைவும் மங்கிவிடும். எனவே ஒலியளவைச் சமமாக்கி, எது எதுவென்று மறைத்துக் கேட்பதே முறை. 2007இல் மேயர், மோரன் என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட சோதனை இத்தகையது. உயர்தர ஒலித்தட்டின் இசையையும், அதையே குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்த இசையையும் கேட்டவர்கள், 554 முறைகளில் 276 முறையே சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டினாலும் இதே அளவு தேறும்! அது சில்லுகளைப் பற்றிய சோதனையன்று. ஆயினும் சோதிக்கும் வழியைக் காட்டுகிறது.

பற்றாசு வைக்கப் பழகுவது நல்ல கல்வியே. மாணவர்களே, சில்லை மாற்றிப் பாருங்கள். ஆனால் தீர்ப்புக் கூறுமுன் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்!