முன்வரிசையின் குறை யாருடையது?

2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் இரண்டாஞ் சுற்றில், வடகொரியா விலகியபின் கணக்கில் எஞ்சிய ஆறு ஆட்டங்களில் இலங்கை உதைபந்தாட்ட அணி பெற்ற கோல்கள் இரண்டே. எதிரணிகள் பெற்றவை 23. அவ்விரண்டையும் 2021 யூனில் லெபனானுக்கெதிராகப் பெற்றவர் ஜேர்மனியிற் பிறந்து அங்கேயே ஆட்டம் பயின்ற வசீம் ராசீக். முன்வரிசையினரைப் பழிப்போர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். கோலடிக்கும் திறன் இளமைப் பயிற்சியில் விளைவது. தேசிய அணியின் பயிற்றுநர் அதனைச் சில வாரங்களில் ஊட்டிவிட இயலாது.

மலையகத்தையே சான்றாகக் கொள்ளலாம். ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் சரிவெங்கும் தேயிலை, சமநிலம் அரிது. லயத்து வாசலில் ஆடும் சிறுவன் பந்தைக் காலோடு அணைத்துச் செல்லக் கற்கிறான். ஓரத்திலிருந்து வரும் பந்துக்கு இடமறிந்து ஓடக் கற்பதற்கு அகன்ற களம் வேண்டும், கற்பிப்போனும் வேண்டும். இவ்விரண்டையும் அளிக்காது முன்வரிசையைக் குறைகூறுவது, விதைக்காதவன் விளைச்சலைப் பழிப்பதை ஒக்கும்.