‘இடமில்லை’ என்ற காரணம்

பெண்களை வெளியே நிறுத்த அவர்களுடைய அறிவைக் குறைசொல்லத் தேவையில்லை. கட்டடத்தைக் காட்டி ‘இடமில்லை’ என்றால் போதும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1917 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கென வசதிகள் செய்ய இடமும் பணமும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பர்னார்ட் பெண்கள் கல்லூரியின் தலைவர் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் விடாமல் வாதாடினார், டெக்சாஸ் செல்வந்தர் ஜார்ஜ் பிராக்கன்ரிட்ஜ் பணம் தந்தார், கதவு திறந்தது. அப்படி உள்ளே வந்த குல்லி லிண்ட் 1921இல் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார்.

அதே கல்லூரிக்கு 2016இல் ஒரு புதிய கட்டடம் கிடைத்தது: 14 தளங்கள் கொண்ட வாகெலோஸ் கல்வி மையம். வடிவமைத்தது டில்லர் ஸ்கோஃபிடியோ பிளஸ் ரென்ஃப்ரோ; அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் எலிசபெத் டில்லர் என்ற பெண். வடக்குப் பக்கம் வகுப்பறைகளும் ஆய்வகங்களும் பயிற்சி அறைகளும். தெற்குப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், கீழிருந்து உச்சிவரை வளைந்தேறும் படிக்கட்டு. அதை ஒட்டிப் படிக்கவும் பேசவும் ஓய்வெடுக்கவும் இடங்கள். வெயிலைக் குறைக்கக் கண்ணாடியில் பீங்கான் புள்ளிகள் பதித்திருக்கிறார்கள். பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ தங்கத் தரத்தை மனதில் வைத்துக் கட்டியது இது.

இதன் சாதனை உண்மையானது. தீ விபத்துக்கென மூலையில் ஒதுக்கப்படும் படிக்கட்டை இது கட்டடத்தின் நடுவாழ்வுக்குக் கொண்டுவருகிறது. மருத்துவம் மேடையிலிருந்து இறங்கும் போதனை மட்டுமல்ல, கூடிப் பேசிக் கற்பது என்கிறது.

ஆனால் யார் கூடுகிறார்கள்? மின்தூக்கியில் வருபவருக்குத் தளத்தின் வாசல் கிடைக்கும். படியில் நிகழும் சந்திப்பு கிடைக்காது. வெளியைக் காட்டும் கண்ணாடி உள்ளிருப்பவரையும் வெளிக்குக் காட்டுகிறது. பார்க்கப்படுவதையே வாழ்நாள் முழுதும் சுமந்து பழகிய உடலுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் ஓய்வு என்பது எவ்வளவு ஓய்வு?

இங்கே இதே கல்லூரியின் இன்னொரு மாணவி நினைவுக்கு வருகிறார். 1933இல் பட்டம் பெற்ற வர்ஜீனியா அப்கார் அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பினார். துறைத் தலைவர் அவரை மயக்கவியலுக்குத் திருப்பினார். உள்ளே விட்ட பிறகும் எந்த அறைக்குள் போகலாம் என்பதை வேறொருவரே முடிவு செய்தார். 1949இல் அவர் அக்கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார். 1952இல், பிறந்த குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, தசை உறுதி, தூண்டலுக்கான எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் தரும் முறையை வகுத்தார். தாயின் மீதிருந்த கவனம் குழந்தைக்கும் திரும்பியது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் பார்க்கத் தொடங்கினார்கள்.

பசுமைக் கட்டடமும் மதிப்பெண்களால் ஆனதே. ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள், உள்ளே இருக்கும் காற்று என்று எண்ணுகிறோம். இரவில் அந்தப் பதினான்கு தளங்களையும் துடைப்பவரின் முதுகுவலி எந்தப் பட்டியலில் வரும்? பாலூட்டும் மாணவிக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா என்று யார் கேட்பார்கள்? நீடித்திருத்தல் என்பது மின்கட்டணத்தோடு முடிவதில்லை. உடல்நலம் கற்பிக்கும் கட்டடம், தனக்குள் உழைக்கும் உடல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு வரைபடத்திலேயே தொடங்காவிட்டால், பின்னால் யார் கேட்டாலும் கிடைக்கப்போவது 1917க்கு முந்தைய அதே பதில்தான்.