வரைபடம் யார் கையில்?

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் கலெக்டர் ஆபீஸ் முடிவு செய்வதில்லை. ஊர்தான் முடிவு செய்கிறது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறைய வரும் நீர்ப்பரப்புகள் சில உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் முறை வைத்து அவற்றில் இறங்குகிறார்கள். ஒவ்வோர் ஊருக்குள்ளும் சீட்டுப் போட்டு இன்னாருக்கு இன்ன இடம் என்று ஒதுக்குகிறார்கள். பாடு என்று இதற்குப் பெயர். நல்ல இடம் விழுந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் விழலாம். எந்த இடமும் யாருக்கும் நிரந்தரச் சொந்தமில்லை. ஆனால் தலைக்கட்டில், அதாவது ஊரின் உறுப்பினர் பட்டியலில், பெயர் உள்ள எவருக்கும் முறை வராமல் போகாது.

கடலைத் தாண்டிப் போனால், நீர்கொழும்புக் களப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. அங்கே களப்பின் வாயருகே கம்பு நட்டு வலை கட்டுவதைக் ‘கட்டுதெல்’ என்கிறார்கள். நான்கு மீனவச் சங்கங்கள் அதை நடத்துகின்றன. யார் உறுப்பினர், யாருக்கு எந்த இடம் என்பதெல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. நீர்கொழும்பின் வழக்கத்தை 1958-ல் இலங்கை அரசு மீன்பிடி ஒழுங்குவிதிகளாகவே எழுதி வெளியிட்டது. பழவேற்காட்டுப் பாடு ஊர் வழக்கமாகவே நின்றுவிட்டது.

நீரைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த இந்த ஊர்களுக்கு வீட்டையும் தெருவையும் கரையையும் திட்டமிடத் தெரியாதா? இரண்டு நாடுகளும் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. இலங்கை, திட்டமிடும் வேலையையும் கட்டும் வேலையையும் மக்களிடம் கொடுத்துப் பார்த்தது. அதைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கொடுக்கவில்லை. இந்தியா பேசும் உரிமையைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. பேனாவையும் பணப்பையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

முதலில் இலங்கை. பிரேமதாச பிரதமராக இருந்தபோது 1978-ல் தொடங்கிய ஒரு லட்சம் வீடுகள் திட்டத்தில் கணிசமான வீடுகளை அரசே கட்டிக் கொடுத்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. 1984-ல் வந்த பத்து லட்சம் வீடுகள் திட்டம் அந்தப் பாதையை விட்டு விலகியது. அரசு சிறு கடனும் ஆலோசனையும் தரும். எப்படிக் கட்டுவது, எங்கே கட்டுவது என்பதைக் குடும்பமும் குடியிருப்பும் தீர்மானிக்கும். கொழும்பின் சேரிகளிலும் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசல் குடியிருப்புகளிலும் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைந்தன. தேசிய வீடமைப்பு அதிகாரசபை அலுவலர்கள் குடியிருப்புக்கே வந்து இரண்டு நாள் பட்டறை நடத்தினார்கள். பெண்கள், ஆண்கள், இளைஞர்கள் என்று தனித்தனிக் குழுவாக உட்கார்ந்து, எது முதலில் வேண்டும், எது பிறகு என்று பெரிய தாளில் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டினார்கள். நபீல் ஹம்தி, ரெயின்ஹார்ட் கெதர்ட் போன்ற வெளிநாட்டு வடிவமைப்பாளர்களும் இந்தப் பட்டறை முறையைச் செதுக்குவதில் உடனிருந்தார்கள்.

மனை பிரித்த விதம் கவனிக்க வேண்டியது. வரைபட மேசையில் கோடு கிழித்துக்கொண்டு வரவில்லை. முளைக்குச்சியும் கயிறும் எடுத்துக்கொண்டு எல்லோருமாகத் தரையில் இறங்கினார்கள். இந்த ஒழுங்கை அகலப்படுத்த வேண்டுமானால் என் சுவர் ஓரடி உள்ளே போக வேண்டும், உன் குசினி இரண்டடி நகர வேண்டும் என்று அண்டை வீட்டாரே பேசித் தீர்த்தார்கள். நகரச் சட்டப்படி ஒரு மனைக்கு ஆறு பேர்ச்சாவது வேண்டும். இந்தக் குடியிருப்புகளில் இரண்டு பேர்ச், அதாவது சுமார் 50 சதுர மீட்டர், போதும் என்று நகர அபிவிருத்தி அதிகாரசபை விதியைத் தளர்த்தியது. தெருவின் அகலம், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கலாம், மாடி எடுக்கலாமா என்பதையெல்லாம் ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென்று விதியாக எழுதிக்கொண்டது. தானே எழுதிய விதியை மீறியவன் அண்டை வீட்டுக்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது சமூக ஒப்பந்தம். கிணறு, கழிவறை, வடிகால், நடைபாதை போன்ற சிறு வேலைகளுக்கு டெண்டர் விட்டு வெளியாளைக் கூப்பிடாமல், அந்தக் குடியிருப்பின் சபையோடே அரசு ஒப்பந்தம் போட்டது. 1980-களின் நடுவில் கொழும்பு வனாத்தமுல்லையில் தொடங்கிய வழக்கம் இது. சிமெண்ட் கலவையில் மணலைக் கூட்டிப் போட்டால் நாளைக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப்போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு மேற்பார்வை எதற்கு?

ஆனால் இது ஒரு தலைவரின் ஆதரவில் வளர்ந்தது. 1993 மே தினத்தன்று பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு வேகம் குறைந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்தது. கரையில் இருந்தவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. எதிர்ப்பு வந்த பிறகே தளர்த்தினார்கள். 2010-ல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. கொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளை அகற்றி, குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் வேலை மும்முரமானது. சமூக ஒப்பந்தம் பிறந்த வனாத்தமுல்லையும் அந்த அலையிலிருந்து தப்பவில்லை. தானே கட்டிய கிணற்றைக் காட்டி, எங்களைக் கேட்காமல் இடிக்க முடியாது என்று சொல்ல அந்த மக்களுக்குக் கைவசம் சட்டம் இல்லை.

ஆனாலும் பழக்கம் அழியவில்லை. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் அது திரும்பி வந்தது, அதுவும் இந்தியப் பணத்தில். இந்திய வீட்டுத்திட்டத்தில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனங்கள் கட்டின. 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில் சுமார் 45,000 வீடுகளை உரிமையாளர்களே முன்னின்று கட்டினார்கள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைத் தேடுவது, மணல் ஏற்றுவது, சாமியறை எங்கே வைப்பது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. சில ஆண்டுகள் கழித்து 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறோம் என்று அரசு கிளம்பியபோது, வெயிலுக்கு ஆகாது, பின்னால் ஓர் அறை இழுக்கவும் முடியாது என்று வடக்கில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒருமுறை தன் வீட்டைத் தானே திட்டமிட்டுக் கட்டிய ஊர், ஆயத்த வீட்டை அளந்து பார்க்கும் கண்ணைப் பெற்றுவிடுகிறது.

இனி நம் கரை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் ஆரம்பாக்கம். கிழக்கே இறங்கினால் நொச்சிக்குப்பம், சுண்ணாம்புக்குளம் என்று ஏரியை நம்பிய ஊர்கள். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் பறவைகள் சரணாலயம், எதிரே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். இவ்வளவு திட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மீனவர்களிடம் பேசும் உரிமை ஏராளமாகவே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் கிராம சபை உண்டு. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு முறை. பெரிய தொழில் திட்டம் வந்தால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் மீனவ ஊர்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் குறிக்க வேண்டும், அவர்களின் வருங்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்று கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை சொல்கிறது.

இந்த உரிமை வெறும் காகிதமில்லை. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. இலங்கையின் குடியிருப்புச் சபையால் இப்படி ஒரு திட்டத்தை நிறுத்திவைக்க முடியாது. நம் மீனவர்கள் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஆனால் நிறுத்துவது வேறு, திட்டமிடுவது வேறு. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மக்கள் வரும்போது வரைபடம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆம், இல்லை என்பதைத் தவிர சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. அந்த வரைபடத்தை நம்பவும் முடியாது. ஒன்றிய அரசு 1996-ல் ஒப்புதல் அளித்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாக இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டின் வரைபடம் என்று சொல்லப்பட்ட இன்னொன்றில் கழிமுகத்தையே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் 2017-ல் இது வெளியே வந்தது. அந்தத் தண்ணீரில் தினமும் இறங்கி இறால் பிடிப்பவர் ஒருவர் மேசையருகே இருந்திருந்தால் அந்தத் தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போயிருக்காது. 2023-ல் புதிய வரைவு வரைபடங்கள் வந்தபோதும், மீனவ ஊர்களும் மீன்பிடிக் களங்களும் விடுபட்டுள்ளன என்றே கரையோர ஊர்கள் ஆட்சேபித்தன.

வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஆழிப்பேரலைக்குப் பின், கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகச் சம்மதித்தால் 1.5 லட்ச ரூபாய் வீடு இலவசம், போகாவிட்டால் பழைய இடத்தில் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது என்றது தமிழக அரசின் 2005 மார்ச் அரசாணை. வலையையும் படகையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டியவனுக்கு இது தேர்வு ஆகுமா?

கிராம சபைக்கும் கூட்டப்பொருள் மேலிருந்து வருகிறது. தெருவிளக்கு, கால்வாய், பட்டா என்று ஊர் எழுப்பும் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. அதை நிறைவேற்றும் பணம் வேறெங்கோ இருக்கிறது. இதற்கு விதிவிலக்கை இந்தியாவுக்குள்ளேயே பார்க்கலாம்: 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கிய கேரளம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகவில்லை. இந்த ஊர்கள் இருக்கும் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். இலங்கையிலும் உள்ளூராட்சித் தேர்தல் தள்ளித் தள்ளி 2025 மே மாதம்தான் நடந்தது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதில் இரண்டு அரசுகளுக்கும் ஒற்றுமை உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஊரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பாடு முறையில் பங்கு பட்டினவர் ஆண்களுக்கே. ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய காலத்தில் வலையோடு வந்த தலித் மீனவர்களுக்கு அதில் இடமில்லை, மோதல்கள் நடந்தன. பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணை ஊர்க்கூட்டம் கேட்பதில்லை. நீர்கொழும்புச் சங்கங்களிலும் உறுப்புரிமை தந்தை வழியாகவே வருகிறது. 1958-ல் அரசு அந்த வழக்கத்தைச் சட்டமாக்கியபோது, வெளியே நின்றவர்களை வெளியே நிறுத்தியதையும் சேர்த்தே சட்டமாக்கியது. இந்த இடத்தில் நம் கிராம சபையே மேல்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் உட்காரலாம், உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. கொழும்புப் பட்டறையில் பெண்களைத் தனிக் குழுவாக உட்கார வைத்ததும் இதே காரணத்தால்தான். ஒரே கூட்டமாக வைத்தால் பேசுகிறவர்களே பேசுவார்கள்.

ஆக, ஆரம்பாக்கத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இலங்கையிலிருந்து கொண்டுவர வேண்டியவை இரண்டு. ஒன்று, தாளுக்கு முன்னால் தரை: கடற்கரை வரைபடத்தைத் திருத்த அதிகாரிகள் வருவதற்கு முன்பே, பாடு எங்கே, படகு எங்கே நிற்கிறது, கருவாடு எங்கே காய்கிறது, இருளர் பெண்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று முளைக்குச்சி நட்டு ஊர் தன் வரைபடத்தைத் தயாரித்துக் கிராம சபையில் தீர்மானமாக்க வேண்டும். பிறகு வரும் அரசு வரைபடம் அதற்குப் பதில் சொல்லட்டும். இரண்டு, சிறு வேலைகளின் ஒப்பந்தம்: ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், மீன் உலர்த்தும் தளம், குப்பத்துச் சாலை ஆகியவற்றை மகளிர் குழுக்களும் இருளர்களும் இடம்பெறும் ஊர்க்குழுவிடமே ஒப்படைத்து, கணக்கைக் கிராம சபையில் வைக்கச் சொல்லலாம்.

இலங்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: குடியிருப்பின் குரலுக்குச் சட்டத்தில் எழுதிவைத்த இடம். அது இல்லாதவரை அங்கே எந்தக் குடியிருப்புச் சபையும் அடுத்த அமைச்சர் வரும்வரைதான். பணமும் பேனாவும் கைக்கு வராதவரை இங்கே எந்தக் கிராம சபையும் மனுக் கொடுக்கும் இடம்தான்.