பாய்காட்: செய்தவரா, பட்டவரா?

பெயர்களிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள்னு யார் பட்டியல் போட்டாலும் பவுட்லரைஸும் பாய்காட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இது சரியில்லை. பவுட்லர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை வெட்டிச் 'சுத்தப்படுத்தி' வெளியிட்டவர். வினை அவர் செய்தது. பாய்காட் கதையோ தலைகீழ்.

சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட். 1880இல் குத்தகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் வரல, கடையில் சாமான் தரல. ராணுவக் காவலோடு அல்ஸ்டரிலிருந்து ஆள் கொண்டுவந்துதான் அறுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே அயர்லாந்தை விட்டுப் போய்விட்டார்.

'தேர்தலை பாய்காட் பண்றோம்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது, அன்று செயப்படுபொருளாக இருந்தவர் பயனிலையாகிவிடுகிறார். செய்த குடியானவர்களின் பெயர் எந்த வாக்கியத்திலும் இல்லை. பட்டியல்காரர்கள் சொல்லவேண்டியது இதைத்தான்.

கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட்டின் பெயரை இந்த வினையிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலில் வரும் பெரிய எழுத்து ஒன்றுதான். தமிழ்ல எழுதினா அதுவும் கிடையாது.