நாவின் முடிச்சும் கித்தாரின் நரம்பும்

இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு நூலைத் தந்து, “உஸ்தாத், இவர் பாட்டுக்காரர், ஆனால் நம்மவர்” என்றார். ராக் இசைக்குழு ஒன்றில் கித்தார் வாசித்தவரின் தன்வரலாறு அது. மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் கற்பித்துக் காலங்கழிக்கும் எனக்கு இதில் என்ன கிடைக்கப் போகிறது என்ற தயக்கத்துடனேயே அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். முடித்தபோது நிறைவும் மனத்தாங்கலும் ஒருங்கே எழுந்தன. அவ்விரண்டையும் வாசக நேயர்கள் முன் வைக்கிறேன்.

நூலின் பெயர் ‘பீஸ்விங்’, 2021இல் வெளிவந்தது. ஆசிரியர் ரிச்சர்டு தாம்ஸன். எழுத்தில் துணை நின்ற ஸ்காட் டிம்பெர்க் என்பார் நூல் வெளிவருமுன்பே, 2019இல் காலமானார். 1967 முதல் 1975 வரையிலான எட்டாண்டுகளே நூலின் எல்லை. ‘என் குரலைக் கண்டடைதல்’ என்பதும் துணைத் தலைப்பில் அடங்கும். இத்தொடரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

தாம்ஸன் 1949இல் இலண்டனில் பிறந்தவர். காவல்துறை அதிகாரியின் மகன். சிறுவயதில் திக்குவாய். நாவால் சொல்ல முடியாததை விரல்களால் சொல்லப் பழகிய பிள்ளை அவர். பேச்சுத் தடையுள்ள மாணவர்கள் கிராஅத்தில் தடையின்றி ஓதுவதைப் பார்த்திருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதில் வியப்பில்லை. நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு மூஸா (அலை) அவர்கள் இறைஞ்சியதைத் தாஹா அத்தியாயத்தில் ஓதும்போதெல்லாம் அத்தகைய பிள்ளைகளின் முகங்களே என் நினைவுக்கு வரும்.

1967இல், பதினெட்டு வயதில், ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ என்னும் குழுவில் சேர்ந்தார். வடக்கு இலண்டனில் அவர்கள் கூடிப் பயின்ற வீட்டின் பெயரே குழுவின் பெயராயிற்று. 1969 மே 12ஆம் நாள் விடியற்காலையில், பர்மிங்ஹாமில் வாசித்துவிட்டு எம்-1 நெடுஞ்சாலை வழியே திரும்புகையில் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளாயிற்று. மேளக்காரர் மார்ட்டின் லாம்பிளும் தாம்ஸனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் உயிரிழந்தனர். லாம்பிளுக்கு வயது பத்தொன்பது. அவர் வாசித்த இசைத்தட்டு ஜூலையில் கடைக்கு வந்தபோது அவர் மண்ணுக்குள் இருந்தார்.

நூலின் உயிர்நாடி இவ்விபத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. குழு கலைந்திருக்கலாம், கலையவில்லை. அந்தக் கோடையில் வின்செஸ்டர் அருகே ஒரு கிராமத்து வீட்டில் ஒன்றுகூடினர். அமெரிக்கப் பாணியைப் பின்பற்றிப் பாடியவர்கள், தம் முன்னோரின் கதைப்பாடல்களைத் தேடிப்போயினர். குழுவினருள் ஒருவரான ஆஷ்லி ஹட்சிங்ஸ், இலண்டனில் ஸெஸில் ஷார்ப் பெயரால் அமைந்த இல்லத்தின் நாட்டார் இசை நூலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டினார். அறிஞர் சைல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 305 கதைப்பாடல்களைத் தொகுத்து வைத்திருந்தார். மரணமும் மாயமும் நிறைந்த அவற்றை மின் கித்தாரோடும் மேளத்தோடும் இசைத்து அவ்வாண்டு டிசம்பரிலேயே ‘லீஜ் அண்ட் லீஃப்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். ஆங்கில நாட்டார் ராக் இசைக்கு அதுவே அடிக்கல் என்பர். துக்கத்தைப் பேசத் தெரியாத இளைஞர்கள் துக்கத்தைப் பாடிய பழைய சொற்களிடம் அடைக்கலம் புகுந்தனர் என்றே எனக்குப் படுகிறது.

1971இல் தாம்ஸன் குழுவைவிட்டு விலகினார். 1972இல் பாடகி லிண்டாவை மணந்தார். 1974இல் இஸ்லாத்தைத் தழுவினார். ஸ்காட்லாந்துக்காரரான ஷைகு அப்துல் காதிர் அஸ்ஸூஃபியைச் சூழ்ந்திருந்த ஜமாஅத் அது. மொராக்கோவின் தர்காவீ தரீக்காவைச் சார்ந்தது. ‘மைட்டி பேபி’ என்னும் ராக் குழுவினர் சிலர் அவருக்கு முன்பே அங்குச் சேர்ந்திருந்தனர்.

மேனாட்டார் ஒருவர் கலிமாச் சொன்னால் நம் பத்திரிகைகள் வெற்றிக்கொடி நாட்டிவிடுகின்றன. நானும் அத்தகைய கட்டுரைகள் எழுதியவன்தான். தாம்ஸன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. யாரையும் அழைக்கவுமில்லை, யாரோடும் வாதாடவுமில்லை. அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மனத்தாங்கல் எங்கே என்கிறீர்களா? தன் திருப்பத்தைத் தானே எழுதியவர்களுள் நமக்கு முன்மாதிரி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாது நிழாமிய்யாவில் பாடஞ்சொல்ல முயன்று, நாவு கட்டுண்டு, ஒரு சொல்லும் எழாமல் நின்றதை ‘அல்முன்கிது மினள்ளலால்’ நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள். விட்டுச்சென்றதை மட்டுமல்ல, ஏறத்தாழப் பதினோராண்டுகளுக்குப் பின் மீண்டும் பாடஞ்சொல்ல வந்ததையும், அதே தொழிலுக்கு வேறு மனிதராய்த் திரும்பியதையும் விளக்குகிறார்கள். படிப்பவனுக்கு வேண்டியது அந்த இரண்டாம் பாதியன்றோ?

தாம்ஸன் 1975க்குப் பின் சில ஆண்டுகள் இசைத்துறையை விட்டொதுங்கி வாழ்ந்தார். 1978இல் ‘ஃபர்ஸ்ட் லைட்’ இசைத்தட்டுடன் திரும்பினார். கித்தாரை ஏன் கீழே வைத்தார்? எந்த மனத்தோடு மீண்டும் எடுத்தார்? ஸமாஉ குறித்து இஹ்யாவில் ஒரு பகுதியையே இமாமவர்கள் ஒதுக்கியிருக்க, நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் கேட்கும் கேள்வி இதுதான். விடை சொல்லும் தகுதி வாய்ந்த ஒருவர் வாசற்படியிலேயே நூலை முடித்துவிடுகிறார். ஆண்டெல்லை வகுத்துக்கொள்வது ஆசிரியரின் உரிமை. ஆயினும் அந்த எல்லை அவருக்கு மிகவும் வசதியான இடத்தில் விழுந்திருக்கிறது.

அந்த எல்லைக்கு அப்பால் நிற்பவர் லிண்டா. கணவர் இயற்றிய பாடல்களுக்குக் குரல் தந்தவர் அவரே. தொண்டையை இறுக்கிக் குரலைப் பறிக்கும் டிஸ்போனியா என்னும் நோய் அவரைப் பல்லாண்டு வாட்டியது. 1982இல் மணமுறிவும் நேர்ந்தது. நோய்க்குக் கணவர்மீது பழி சுமத்துவது அநீதி. நான் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த ஜமாஅத்தில் பெண்கள் பட்ட சிரமத்தை லிண்டா பேட்டிகளில் கூறியிருக்கிறார். குரலைக் கண்டடைந்த கதையைப் படிக்கும்போது, அதே வீட்டில் குரலிழந்தவரின் நினைவு எனக்கு அடிக்கடி குறுக்கிட்டது.

2024இல் லிண்டா ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பாடல்கள் அவருடையவை, பாடியவர்கள் பிறர். அவர்களுள் ரிச்சர்டுக்கும் அவருக்கும் பிறந்த மக்களும் உளர்.